மூத்த வீட்டுத் தண்ணீர்

மாதேஸ்வரன் போய்விட்ட செய்தி எனக்குக் கன்னடத்தில் வந்தது. வாசலில் தள்ளுவண்டிக்காரரோடு முருங்கைக்காய் முற்றல் என்று வழக்காடிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, திரையில் அவர் பெயர். "என்ன மாதேசு, இப்பதான் ஞாபகம் வந்துதா?" என்று எடுத்தவுடனே பிடித்துக்கொண்டேன். மறுபக்கம் பேசியவர் அவர் குடியிருந்த அறையின் வீட்டுக்காரர். காலையில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்ததாம். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு மாற்றுச் சாவி போட்டுத் திறந்தாராம். மாதேசு நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாராம். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். இத்தனையும் சொல்லிவிட்டு, அவருக்கு நீங்கள் என்ன ஆக வேண்டும் என்று கேட்டார்.

என்ன சொல்வது? கூட வேலை பார்த்தவள் என்றேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர், தயங்கித் தயங்கித்தான் அடுத்ததைக் கேட்டார். சொந்தம் என்று யாரும் இல்லையா அம்மா? போனில் 'அண்ணன்' என்று ஒரு நம்பர் இருக்கிறது, ஆனால் அதற்குப் பேசினதாகவே தெரியவில்லை, உங்கள் நம்பருக்குத்தான் பேசியிருக்கிறார், அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன் என்றார். முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். தள்ளுவண்டிக்காரர் அதை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்.

மாதேசுவோடு பழகியவர்கள் மைசூரிலும் வெளியிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரை உங்களுக்கு அமைதியான மனிதராகத் தெரியும். மீட்டிங்கில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்பவர். எனக்கு அவரைக் கொஞ்சம் கூடவே தெரியும். மைசூருக்கு வெளியே இருந்த எங்கள் மானாவாரிப் பண்ணை ஆபீஸில் அவர் பயிர்ப் பக்கம், நான் மண் பக்கம். அங்கே வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள், என் தமிழில் பாதி கன்னடம். அவர் ஹனூர் பக்கம் கௌதள்ளிக்காரர். அந்தக் கொங்குத் தமிழைக் கேட்பதற்காகவே டீ நேரத்தில் அவர் மேஜைக்குப் போவேன். வயதில் எனக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் கடைசி வரைக்கும் 'மேடம்'தான். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று எத்தனையோ தரம் சண்டை போட்டிருக்கிறேன். "சரிங்க மேடம்" என்பார்.

அவர் வேலை என்ன என்று வெளியாட்கள் கேட்டால் விளக்குவது கஷ்டம். ஆறு இல்லை, கால்வாய் இல்லை, வானம் பார்த்த ராகி. நடுவில் மழை நின்றுபோகிறது. குட்டையிலோ போர்வெல்லிலோ இருப்பது ஒரே ஒரு தரம் நனைக்கிற அளவு தண்ணீர். அதை எப்போது கொடுப்பது? தூர் கட்டும்போதா, கதிர் தலைகாட்டும்போதா, மணி பால் பிடிக்கும்போதா? சீக்கிரம் கொடுத்தால் இலையாக வளர்ந்து ஏமாற்றும். தாமதமாகக் கொடுத்தால் பதர். அந்த ஒரு நாளைச் சொல்வதுதான் மாதேசுவின் வேலை. வேலைக்காலம் முழுக்க அதைத்தான் செய்தார்.

மத்தியானத்தில் வயலைப் பார்க்கவே மாட்டார். வெயிலில் எல்லா ராகியும்தான் இலையைச் சுருட்டும், அதைப் பார்த்து யாரும் பயப்படக் கூடாது என்பார். விவசாயிகளுக்கு அவர் சொல்வது ஒன்றே ஒன்று. "வெடியால போய்ப் பாருங்க. வெடியாலயும் சுருட்டிட்டு நின்னா, அப்பத்தான் அதுக்குத் தாகம்." இதற்காக முதல் பஸ்ஸில் கிளம்பி, பனி காயும் முன் காட்டில் போய் நிற்பார். மானாவாரி நிலத்தை அவர் ஊரில் காடு என்றுதான் சொல்வார்கள். நான் எட்டு மணிக்கு ஜீப்பில் போய் இறங்கினால், அதற்குள் அவர் கால்சட்டை முட்டி வரை ஈரமாக இருக்கும்.

குண்டலுபேட்டைக்காரர் ஒருவர் கதையை அவர் எத்தனை தரம் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரும். அந்த மனிதருக்குப் பெண்ணுக்கு நிச்சயம் பேச மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. வழியில் அவருடைய ராகிக் காடு. பகல் பன்னிரண்டு மணிக்கு வருகிறவர்கள் வாடிக் கிடக்கிற பயிரைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? மாதேசு பொறுக்கச் சொல்லியிருந்தும், குட்டையில் இருந்த தண்ணீரை எல்லாம் முந்தின நாளே இறைத்துவிட்டார். சம்பந்திகள் வந்தபோது ராகி பச்சைப்பசேல் என்று நின்றது. நிச்சயமும் நடந்தது. கதிர் வரும்போதுதான் சொட்டுத் தண்ணீர் இல்லை. நானாக இருந்தால் அந்த மனிதரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். மாதேசு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். கேட்டதற்கு, "அவரு பயிருக்குத் தண்ணி உடலீங்க மேடம், சம்பந்திக்கு உட்டாரு. அதுவும் வேணும்தானுங்களே" என்றார்.

கோபமே வராதா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு தரம் பார்த்திருக்கிறேன். ரிடையர் ஆன பிறகு ஒருநாள் இரண்டு பேரும் ஸ்ரீரங்கப்பட்டணம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ் ஏதோ நெரிசலில் நின்றது. பக்கத்தில் நெல் வயல். மடை உடைந்து தண்ணீர் வரப்பைத் தாண்டி, ரோட்டோரக் குழியில் போய் விழுந்துகொண்டிருந்தது. அதைக் கவனிக்க ஓர் ஆளும் இல்லை. மாதேசு எழுந்து பஸ்ஸை விட்டு இறங்கப் போய்விட்டார். பிடித்து உட்கார வைத்தேன். முகமெல்லாம் சிவந்திருந்தது. "இதுல பாதி இருந்திருந்தா எங்கண்ணன் காடு நனைஞ்சிருக்குமுங்க" என்றார்.

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் மாதேசுவைப் பற்றிச் சொல்ல முடியாது. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். தம்பியைத் தூக்கி வளர்த்து, படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பினதெல்லாம் பெரியசாமி அண்ணன்தான். தான் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. தம்பிக்கு ஆர்டர் வந்தபோது ஊர் முழுக்கப் பொரிகடலை கொடுத்தாராம். இதை ஆபீஸில் சேர்ந்த புதிதில் மாதேசு என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்போதெல்லாம் மாதம் தவறாமல் ஊருக்குப் போவார்.

கௌதள்ளியில் நாலு வீட்டுக்குப் பொதுவாக ஒரு குட்டை இருந்தது. நாலும் பங்காளி வீடுகள். தண்ணீருக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். முதல் தண்ணீர் மூத்த வீட்டுக்கு. மூத்த வீட்டுக் காடு முழுசாக நனைந்த பிறகுதான் அடுத்த வீட்டுக்கு. தாத்தா காலத்தில் கிணற்றுக்கு இருந்த வழக்கத்தைக் குட்டைக்கும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதில் யாருக்கும் மனஸ்தாபம் இருந்ததில்லை. மூத்த வீடு பெரியசாமி அண்ணனுடையது.

ஒரு வருடம் ஆடியில் விதைத்த அண்ணனுடைய ராகி முளைத்து வரும்போதே கருகிப்போனது. மறுபடி மழை வந்ததும் இன்னொரு தரம் விதைத்தார். அதனால் மற்ற மூன்று வீட்டுப் பயிரைவிட அவருடையது பின்தங்கிவிட்டது. புரட்டாசியில் மழை நின்றது. மூன்று வீட்டிலும் கதிர் வெளியே வரும் நேரம். அண்ணனுடையது அப்போதுதான் தூர் கட்டுகிறது. குட்டையில் இருந்த தண்ணீர் நாலு வீட்டுக்கும் காணாது. அண்ணன் காடு பெரிது. அவர் முதலில் எடுத்தால், மற்றவர்களுக்குச் சேறுதான் மிஞ்சும்.

பரிசோதனைக்கு மண் எடுப்பதற்காக அன்றைக்கு நானும் போயிருந்தேன். இரண்டு நாளாக விடியற்காலையில் நாலு காட்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு மாதேசு குட்டைக் கரைக்கு வந்தார். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். என்ஜினுக்கு டீசல் ஊற்றி, குழாயை அண்ணன் காட்டுப் பக்கம் போட்டாகிவிட்டது. மாதேசு அண்ணனிடம் போய்ச் சொன்னார். தூர் கட்டுகிற பயிர் இன்னும் மூன்று வாரம் தாங்கும், அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும், இவர்கள் கதிர் மூன்று நாள்கூடத் தாங்காது, இந்தத் தடவை அவர்களுக்கு விட்டுவிடலாம் என்றார். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் தரையைப் பார்த்தபடி நின்றார்கள். முறையை மாற்றுங்கள் என்று அவர்கள் யாரும் கேட்கவில்லை.

"தம்பி சொல்றான். குழாயத் திருப்புங்க" என்றார் அண்ணன். திரும்பி வீட்டைப் பார்க்க நடந்துவிட்டார்.

மூன்று வீட்டிலும் ராகி வந்தது. ஐப்பசி மழை வரவில்லை. அந்தப் பக்கத்தில் வராமல் போகாத மழை, அந்த வருடம் பார்த்து வரவில்லை. அண்ணன் காட்டை மாட்டுக்கு அறுத்துப் போட்டார்கள். மாதேசு சொன்னதில் தப்பு ஏதாவது உண்டா என்று நானும் இத்தனை காலம் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை. அண்ணன் முதலில் எடுத்திருந்தால் மூன்று வீடு போயிருக்கும், கதிர் வரும் நேரத்துக்குத் தண்ணீர் இல்லாமல் அவருடையதும் பாதிதான் தேறியிருக்கும். இதை மாதேசுவிடம் ஒருநாள் கணக்குப் போட்டே காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "கணக்கு சரிதானுங்க மேடம். எங்கண்ணன் அந்தக் கணக்குக்குள்ள வரமாட்டேங்குறாரு" என்றார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனார். தட்டு போட்டார்கள். அந்த வீட்டில் அவர் பிறந்ததிலிருந்து ராகிக் களி இல்லாமல் சாப்பாடு கிடையாது. அன்றைக்கு ரேஷன் அரிசிச் சோறு. அண்ணன் எதிரில் உட்கார்ந்திருந்தார். மாதேசுவிடம் நேராக ஒரு வார்த்தை இல்லை. அண்ணியைப் பார்த்து, "அவனுக்கு இன்னும் போடு" என்று மட்டும் சொன்னாராம். அந்தச் சோற்றை எப்படி விழுங்கினேன் என்றே தெரியவில்லை என்று என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு மாதேசு ஊருக்குப் போகவில்லை. கௌதள்ளிப் பக்கம் வேறு யாராவது பார்க்கட்டும் என்று ஆபீஸிலும் கேட்டு வாங்கிக்கொண்டார். குண்டலுபேட்டை, சாமராஜநகர் என்று மற்ற இடங்களுக்கெல்லாம் போவார். ஊருக்குப் போகிற கொள்ளேகால் ரோட்டில் மட்டும் கால் வைக்க மாட்டார்.

கல்யாணமும் அப்படித்தான் நின்றது. ஆபீஸில் இரண்டு மூன்று பேர் நல்ல இடமாகக் கொண்டுவந்தார்கள். நானே ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னேன். எல்லோருக்கும் ஒரே பதில், அண்ணன் வந்து பேச வேண்டும். அண்ணன் வரவும் இல்லை, இவர் கூப்பிடவும் இல்லை. வாழ்நாள் முழுக்க ஒற்றை அறையில் குடியிருந்துவிட்டார். ஒரு குக்கர், ஒரு நாற்காலி, ஒரு கட்டில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்து, என்ன சமையல் என்று கேட்டால், "இனிமேத்தானுங்க" என்பார். தனியாக இருக்கிறவர்களுக்கு அந்தப் பதிலின் அர்த்தம் தெரியும். நானும் தனிக்கட்டை, எனக்குத் தெரியும்.

நான் சும்மா இருக்கவில்லை. போய்ப் பேசுங்கள், போய்ப் பேசுங்கள் என்று அவர் உயிரை வாங்கியிருக்கிறேன். ஒரு தடவை என் நச்சரிப்பு தாங்காமல் பஸ் ஏறினார். சாயங்காலமே திரும்பி வந்துவிட்டார். கொள்ளேகாலில் இறங்கி, டீ குடித்துவிட்டு, எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறிவிட்டாராம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அப்படி என்னய்யா தடுக்கிறது உங்களை என்று கேட்டேன். நிதானமாகத்தான் சொன்னார்.

"நானாப் போயி நின்னா, நான் சொன்னது சரின்னு அவரு வாயால சொல்லுங்கன்னு கேக்கப் போன மாதிரி ஆயிருமுங்க. அவரு காட்டத்தான் காய வெச்சேன். அதையும் கேக்கோணுமுங்களா? அவரு கூப்புடட்டும். கூப்புட்டா ஓடிருவேன்."

மாதேசு போன அன்று, வீட்டுக்காரர் சொன்ன நம்பரில் அண்ணனுக்கு நான்தான் போன் செய்தேன். அந்த நம்பரை மாதேசு யாரிடம் எப்போது வாங்கி வைத்தாரோ தெரியாது. வயதான குரல் எடுத்தது. நான் யார், எதற்காகப் பேசுகிறேன் என்று சொன்னேன். அந்தப் பக்கம் ஆடு கத்துவது கேட்டது. பிறகு, "கொண்டாந்துருங்க" என்றார்.

ஆம்புலன்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கொள்ளேகால் தாண்டி, ஹனூர் தாண்டிப் போகும்போது ரோட்டின் இரண்டு பக்கமும் ராகிதான். கதிர் வெளியே வரும் பருவம். பின்னால் திரும்பி அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வெள்ளைத் துணிதான் தெரிந்தது.

காட்டுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். நான் வீட்டில் பெண்களோடு இருந்தேன். ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஈர வேட்டியோடு பெரியசாமி அண்ணன் என்னிடம் வந்து நின்றார். முதுகு வளைந்துவிட்டது. முகம் மாதேசு முகமேதான். "தம்பி கூட வேலை பாத்தவங்களாமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இழவு வீடு, பெரியவர், எல்லாம் தெரிந்தும் என்னால் முடியவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா, அந்த மனிதர் உங்கள் குரலுக்காகக் காத்துக் கிடந்தாரே என்று கேட்டுவிட்டேன். பெண்கள் என் கையைப் பிடித்து அழுத்தினார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"அவனப் போயி நான் கோவிச்சுக்குவனுங்களா?" என்றார். "அந்த வருசம் அவங்கிட்டப் பேச வாய் வரலீங்க. காடு போச்சேன்னு இருந்துச்சு. அது ஒரு வருசந்தானுங்க. மறு வருசமே மூத்த ஊட்டு மொறைய நாந்தான் எடுத்துப்போட்டேன். எந்தக் காட்டுல கதிர் வருதோ அங்கதான் மொதத் தண்ணி. இன்னிக்கும் அப்படித்தான். வெடியால நாந்தான் போயி எலையப் பாத்துச் சொல்றேன். அதுக்கப்புறம் நாலு ஊட்லயும் ஒண்ணாச் சேந்து பதராப் போனதே இல்லீங்க. என்ற தம்பி சொன்னது சரி."

இதை அவரிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"வந்தாச் சொல்லலாம்னுதான் இருந்தேன். நான் மூத்தவன் இல்லீங்களா, சின்னவன் வரட்டும்னு இருந்துட்டேன்." வாசற்படியிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அந்த மனிதர் மேல் எனக்கு இப்போதும் கோபம் தீரவில்லை. தண்ணீரில் மூத்த வீட்டு முறையை விட்டுக்கொடுத்தவருக்குப் பேச்சில் விட்டுக்கொடுக்க முடியவில்லை. மாதேசு மேலும் கோபம்தான். ஊரில் உள்ள பயிருக்கெல்லாம் இன்றைக்கு, இப்போது என்று நாள் சொன்னவர், தனக்கு ஒரு நாளைச் சொல்லிக்கொள்ளவில்லை. கொள்ளேகாலில் இறங்காமல் அந்த பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தால் போதும். களி கிண்டிப் போட்டிருப்பார்கள்.

அன்றைக்கே பஸ் ஏறி மைசூர் திரும்பினேன். வழியெல்லாம் அண்ணன் சொன்னதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று தவிப்பாக இருந்தது. பக்கத்தில் காது கேட்கும் கருவி மாட்டிய ஓர் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். இதைக் கேட்டால் சந்தோஷப்படக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவரைத்தான் விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். காலையில் வைத்த சாதம் அப்படியே இருந்தது. சாப்பிடவில்லை.

அவர் சாமான்களில் ஏதாவது ஞாபகத்துக்கு வேண்டுமா என்று வீட்டுக்காரர் பிறகு கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாதேசுவுக்கென்று வந்து அவரிடம் சேராமல் போனது ஒன்று ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. அவர் அண்ணன் சொன்ன வார்த்தை. எனக்கு அது உரியது இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இடமில்லை. அதனால்தான் அவரைத் தெரிந்த உங்கள் எல்லோரிடமும் சொல்லி வைக்கிறேன். அப்படியும் மனசு ஆறாமல், வீட்டில் யாரும் இல்லாதபோது சத்தமாகவே சொல்லிப் பார்க்கிறேன்.

மாதேசு, நீங்க சொன்னது சரியாம். உங்க அண்ணன் சொன்னாரு.